அமெரிக்க விடுதலைப் போரைத் தாங்கி நின்றவர்கள்: பாடநூலில் இடம்பெறாத பெயர்கள் யாவை?

திண்ணை வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்பதால், பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலை, லெக்சிங்டனில் வெடித்த முதல் துப்பாக்கி, 1776 ஜூலை 4 பிரகடனம், சரடோகா, யார்க்டவுன், 1783 பாரிஸ் உடன்படிக்கை என்று வரிசையாகச் சொல்லிவிடத் தூக்கத்திலும் என்னால் முடியும். சொல்லிச் சொல்லியே எனக்கு அதில் ஓர் ஐயம் விழுந்துவிட்டது.

நான் கற்பித்த பாடத்தில் படைகள் வரும், மோதும், போகும். அந்தப் படை எட்டு ஆண்டுகள் எதைத் தின்றது, அதன் சட்டையைத் தைத்தது யார், வெடிமருந்து எங்கிருந்து வந்தது என்று ஒரு வரிகூட வராது. நத்தானியேல் கிரீன் என்ற தளபதியை 1778இல் தளவாடத் தலைமைக்கு மாற்றியபோது அவர் அதை விரும்பவில்லை. வரலாற்றில் தளவாட அதிகாரி என்று ஒருவனை யாரும் கேள்விப்பட்டதில்லை என்று பின்னர் வாஷிங்டனுக்கே எழுதினார். வண்டிகளும் தீவனமும் சேர்த்துப் படையை நகர வைத்த அதே மனிதர், தெற்கே போர்க்களத்துக்குச் சென்ற பிறகு செய்தவற்றுக்காகத்தான் இன்றும் நினைக்கப்படுகிறார். ஆகவே அவருடைய மனக்குறை பொய்யாகவில்லை.

என் கேள்வி இதுதான். அந்தப் போரைத் திரைக்குப் பின்னால் தாங்கியவர்கள் யார், அவர்கள் பெயர்கள் ஏன் விழுந்துபோயின? கேட்கச் சுவையாக இருக்கும் கர்ணபரம்பரைக் கதைகள் வேண்டாம். கேட்பவர்களில் இருவர் என் பழைய மாணவர்கள். ஆதாரம் கேட்டு என்னைத் திணறடிக்க வேண்டும் என்றே முன் வரிசையில் வந்து உட்காருவார்கள்.

அலைவாய்க்கரை:

வெடிமருந்திலிருந்தே தொடங்குங்கள் ஐயா. 1775 ஆகஸ்டில், பாஸ்டனை முற்றுகையிட்டிருந்த வாஷிங்டனுக்கு, கையிருப்பென்று கணக்கில் காட்டியிருந்த மருந்தில் பெரும்பகுதி உண்மையில் இல்லை என்பது தெரியவந்தது. ஒரு வீரனுக்கு ஒன்பது முறை சுடுமளவுக்கு மேல் இல்லை. செய்தியைக் கேட்டு அவர் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை என்று உடனிருந்த தளபதி சல்லிவன் எழுதியிருக்கிறார். எதிரி அன்றிரவு வெளியே வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வெடிமருந்தின் பெரும்பங்கு வெடியுப்பு. உலகச் சந்தைக்கு அது மிகுதியாக வந்தது நம் பக்கத்திலிருந்துதான். பீகாரில் நோனியா என்ற சாதியினர் சுவரோரங்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் பூத்த உப்பு மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி அந்த உப்பை எடுத்தார்கள். வங்காளத்தைக் கைப்பற்றிய பிறகு அந்த வணிகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குள் போயிற்று. எனவே பிரிட்டிஷ் படைக்கு மருந்துப் பஞ்சம் இல்லை; கலகம் செய்த குடியேற்றங்களுக்கும் பிரான்சுக்கும்தான் பஞ்சம். அந்த நெருக்கடியில்தான் பிரெஞ்சு அரசு 1775இல் வேதியியல் அறிஞர் லவோசியேவை வெடிமருந்து நிர்வாகத்தில் அமர்த்தியது. உள்நாட்டு வெடியுப்பு உற்பத்தி பெருகியது, மருந்தின் தரமும் உயர்ந்தது, அதில் ஒரு பகுதி கடல் கடந்து அமெரிக்கா போயிற்று. போரின் முதல் இரண்டரை ஆண்டுகளில் அமெரிக்கர்கள் சுட்ட மருந்தில் மிகப் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததே.

வந்த வழியும் மறைவான வழிதான். 1776இல் பாரிஸில் ரோட்ரிக் ஓர்த்தலேஸ் என்ற பெயரில் ஒரு வணிக நிறுவனம் முளைத்தது. அப்படி ஒரு வணிகர் உலகத்திலேயே இல்லை. உள்ளே இருந்தவர் போமார்ஷே என்ற நாடக ஆசிரியர். முதலுக்குப் பிரான்சு அரசும் ஸ்பெயின் அரசும் தலைக்குப் பத்து லட்சம் லீவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்திருந்தன. அந்த நிறுவனத்தின் கப்பல்கள் 1777இல் கொண்டுவந்து இறக்கிய துப்பாக்கியும் பீரங்கியும் துணியும் சரடோகா வெற்றிக்குள் இருக்கின்றன. போமார்ஷே 1799இல் இறக்கும் வரை அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. வாரிசுகளுக்கு 1835இல்தான் ஒரு தொகை கிடைத்தது.

இன்னொரு வழி, கரீபியக் கடலில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த சிண்ட் யூஸ்டேஷியஸ் என்ற சின்னஞ்சிறு தீவு. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும் அளவே உள்ள அந்த இடத்துக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கப்பல்கள் வந்து போயின. தேயிலைப் பெட்டிக்குள்ளும் அரிசிப் பீப்பாய்க்குள்ளும் மருந்து பயணம் செய்தது. 1776 நவம்பர் 16 அன்று அமெரிக்கக் கொடியுடன் வந்த ஆண்ட்ரூ டோரியா என்ற கப்பலுக்கு அந்தத் தீவின் கோட்டை பீரங்கி முழக்கி மரியாதை செய்தது. அதற்கான விலையைத் தீவு 1781 பிப்ரவரியில் கொடுத்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ராட்னி தீவைப் பிடித்து, கிடங்குகளைச் சூறையாடி, அங்கிருந்த யூத வணிகர்களைக் கூட்டி உடையைக் கிழித்துப் பணம் தேடி, சிலரைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தீவை விட்டே அனுப்பினார். கொள்ளையில் அவர் காட்டிய ஆர்வம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்துகொண்டிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைத் தடுப்பதில் காட்டப்படவில்லை என்று அவர் நாட்டவரே பின்னர் குற்றம் சாட்டினர். அந்தக் கப்பற்படைதான் செப்டம்பரில் செசபீக் விரிகுடாவை அடைத்து யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸைச் சிக்க வைத்தது. அது அங்கே போய்ச் சேர்வதற்கு முன், சாவேத்ரா என்ற ஸ்பானிய அதிகாரி ஹவானா நகரத்தில் சில மணி நேரத்துக்குள் ஐந்து லட்சம் பெசோ திரட்டிக் கொடுத்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரொட்டிக்கடைக்காரர்:

நான் வரலாறு படித்தவன் அல்லன், அடுமனை நடத்துகிறேன். எனவே எனக்குத் தெரிந்த ஓர் ஆளைச் சொல்கிறேன். கிறிஸ்டோபர் லுட்விக் என்பவர் ஜெர்மனியின் ஹெஸ்ஸேப் பகுதியில் பிறந்து, பிலடெல்பியாவில் இஞ்சி ரொட்டி சுட்டு விற்றுப் பொருள் சேர்த்தவர். 1777 மே மாதம் அவரைப் படையின் ரொட்டித் தலைவராக நியமித்தார்கள். நூறு பவுண்டு மாவுக்கு நூறு பவுண்டு ரொட்டி தந்தால் போதும் என்று சொன்னபோது, அவர் மறுத்து, நூற்று முப்பத்தைந்து பவுண்டு தருவேன் என்றாராம். இதைக் கேட்டால் மற்றவர்களுக்கு வியப்பாக இருக்கலாம், எங்களுக்கு இல்லை. மாவு நீரைக் குடிக்கும், எடை கூடும். அந்தக் கூடுதல் எடைதான் அதுவரை ஒப்பந்தக்காரர்களின் பைக்குப் போய்க்கொண்டிருந்த லாபம். அதை அவர் வீரர்களின் வயிற்றுக்குத் திருப்பினார், அவ்வளவே. யார்க்டவுனில் எதிரிப் படை சரணடைந்தபோது, அந்தப் பசித்த கைதிகளுக்காக ஆறாயிரம் பவுண்டு ரொட்டி சுடச் சொல்லியும் அவரிடமே உத்தரவு வந்தது.

சட்டையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1780இல் எஸ்தர் ரீட் என்ற பெண்மணி, லண்டனில் பிறந்து பிலடெல்பியாவுக்கு மணமாகி வந்தவர், படைக்காகப் பெண்களிடம் நிதி திரட்டினார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பணம் கேட்பது அந்தக் காலத்தில் மதிப்புள்ள குடும்பத்துப் பெண் செய்யும் காரியமாகக் கருதப்படவில்லை. ஆனாலும் திரண்ட தொகை மூன்று லட்சம் டாலருக்கு மேல். (அன்றைய காகித நாணயம் செல்லாக் காசுக்கு ஒரு படி மேலே இருந்ததால், வெள்ளிக் கணக்கில் அது சில ஆயிரமே.) ஒவ்வொரு வீரன் கையிலும் வெள்ளி நாணயமாகக் கொடுக்க வேண்டும் என்பது எஸ்தரின் விருப்பம். குடித்துத் தொலைப்பார்கள் என்று அஞ்சிய வாஷிங்டன் சட்டையாகத் தாருங்கள் என்றார். இழுபறிக்குப் பிறகு எஸ்தர் இசைந்தார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நோயுற்று முப்பத்து மூன்று வயதில் இறந்தும் போனார். பெஞ்சமின் பிராங்க்ளினின் மகள் சாரா பேஷ் பொறுப்பேற்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டைகளைத் தைத்து முடிக்க வைத்தார். ஒவ்வொரு சட்டையிலும் தைத்தவளின் பெயர் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. துணி கிழிந்தது, பெயரும் போயிற்று.

படையோடு கூடவே நடந்த பெண்கள் வேறு வகை. துவைத்தார்கள், நோயாளிகளைக் கவனித்தார்கள், பிள்ளைகளையும் சுமந்தார்கள். அவர்கள் மூட்டை முடிச்சோடு நடப்பதால் படை நடை தளர்கிறது என்று வாஷிங்டன் சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் அழுக்குத் துணியால் பரவும் காய்ச்சல் எதிரியைவிடக் கூடுதலாகக் கொன்ற காலம் அது. அவர்களுள் ஒருத்தியான மார்கரெட் கார்பின், 1776 நவம்பரில் வாஷிங்டன் கோட்டைச் சண்டையில் கணவன் விழுந்ததும் பீரங்கியைத் தானே இயக்கிப் படுகாயமடைந்தாள். 1779இல் வீரனுக்குரிய சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைத்தது. பாதி!

மறைநிழல்:

மேலே இருவரும் எழுதியவை சரியானவை. ஆனாலும் திண்ணை வாசகர் ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு, பெயர்கள் ஏன் விழுந்தன என்பதற்கு, இன்னும் பதில் வரவில்லை. தாமே மறைந்தவர்களையும் பிறரால் மறைக்கப்பட்டவர்களையும் ஒரே பட்டியலில் போட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

முதல் வகைக்கு நியூயார்க் ஒற்றர்களைச் சொல்லலாம். 1778 முதல் பெஞ்சமின் டால்மேட்ஜ் என்ற அதிகாரியின் கீழ் லாங் தீவின் சிடாகெட், ஆய்ஸ்டர் பே ஊர்களைச் சேர்ந்த சிலர் எதிரியின் தலைமையிடமான நியூயார்க்கிலிருந்து செய்தி கடத்தினார்கள். உழவர் ஆபிரகாம் உட்ஹல், வணிகர் ராபர்ட் டவுன்சென்ட், விடுதிக்காரர் ஆஸ்டின் ரோ, படகோட்டி கேலப் புரூஸ்டர். கடிதங்களில் வாஷிங்டனுக்கு 711 என்று எண். எழுத்துகள் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத மையில். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்தால் மறையை நாமே வெளியிட்டதாகும் என்று குறள் சொல்கிறதே, அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் டவுன்சென்ட். 1838இல் இறக்கும் வரை அவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை; பழைய கணக்கேடுகளின் கையெழுத்தை ஒற்றுக் கடிதங்களோடு ஒப்பிட்டு 1930களில்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். அவருக்கு அநீதி நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்டதை அவர் பெற்றார்.

ஜேம்ஸ் என்பவரின் கதை அப்படியல்ல. வர்ஜீனியாவில் வில்லியம் ஆர்மிஸ்டெட் என்பவரின் அடிமை. 1781இல், அமெரிக்கர் பக்கம் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் படைக்காகக் கார்ன்வாலிஸின் முகாமுக்குள் பணியாளாகப் புகுந்தார். உணவு பரிமாறும் கறுப்பினத்தவன் காதில் எது விழுந்தாலும் பாதகமில்லை என்று எண்ணும் அதிகாரிகளின் இறுமாப்பே அவருக்கு மறைப்பாயிற்று. பிரிட்டிஷார் அவரையே தங்கள் ஒற்றனாகவும் அனுப்பினார்கள். அவர் இரு பக்கமும் போய் வந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் உண்மை சொன்னார். போர் முடிந்த 1783இல், எசமானனுக்குப் பதிலாகப் படையில் போரிட்ட அடிமைகளை விடுவிக்கும் சட்டம் வர்ஜீனியாவில் வந்தது. ஜேம்ஸ் போர்வீரர் அல்லர், ஒற்றர். ஆகவே சட்டம் அவரைத் தொடவில்லை. 1784இல் லஃபாயெத் தன் கையால் சான்றிதழ் எழுதிக் கொடுத்தும், மனு மேல் மனு போட்டு 1787 ஜனவரியில்தான் விடுதலை வந்தது. இழப்பீட்டுப் பணம் எசமானனுக்குப் போனது. விடுதலையான பின் அவர் தன் பெயரோடு லஃபாயெத் என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஐயாயிரம் கறுப்பினத்தவர் அமெரிக்கர் பக்கம் நின்றார்கள். 1778இல் ரோட் தீவு என்ற மாநிலம் தன் படைப்பிரிவை நிரப்ப ஆளின்றி, சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று சட்டம் போட்டு, சில மாதங்களிலேயே அந்தக் கதவை மூடியது. அதைவிடப் பல மடங்கினர் விடுதலை தருகிறோம் என்ற பிரிட்டிஷ் வாக்குறுதியை நம்பி எதிர்ப்பக்கம் ஓடினார்கள். அவர்களுள் ஒருவர் வாஷிங்டனின் பண்ணையிலிருந்தே தப்பிய ஹாரி வாஷிங்டன். 1783இல் நோவா ஸ்கோஷியாவுக்கும், அங்கிருந்து 1792இல் சியரா லியோனுக்கும் போய், 1800இல் அங்கு ஆட்சி நடத்திய சியரா லியோன் கம்பெனி நிலவரி கேட்டபோது கலகக்காரர்களோடு சேர்ந்து தண்டிக்கப்பட்டார். வரி கொடுக்க மறுத்துக் கலகம் செய்த வாஷிங்டன்கள் இருவர்; பாடநூலில் ஒருவர்.

ஒனைடா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களையும் விட்டுவிட வேண்டாம். இரோக்குவாய்க் கூட்டமைப்பின் பெரும்பாலோர் பிரிட்டன் பக்கம் சாய, இவர்கள் உறவினர்களையே எதிர்த்து 1777 ஆகஸ்டில் ஒரிஸ்கனியில் அமெரிக்கரோடு நின்றார்கள். 1778 வசந்தத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமுக்கும் வந்து, மே மாதம் பேரன் ஹில்லில் லஃபாயெத்தின் படை சூழப்பட்டபோது துணை நின்றார்கள். போருக்குப் பின் அவர்களது நிலத்தை உறுதி செய்யும் உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. நியூயார்க் மாநிலம் அடுத்தடுத்து வாங்கியும் பறித்தும், 1920 வாக்கில் அங்கே அவர்கள் கையில் எஞ்சியது 32 ஏக்கர். இதை மறதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திண்ணை வாசகர்:

அனைவருக்கும் நன்றி. மறைநிழல் அவர்கள் பிரித்துக் காட்டியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும். சிடாகெட் ஒற்றர்களுக்காக அன்னா ஸ்ட்ராங் என்ற பெண் துணிக்கொடியில் கறுப்புப் பாவாடையும் கைக்குட்டைகளும் உலர்த்திக் குறிப்புக் காட்டினாள் என்று படித்திருக்கிறேன். ஹேம் சாலமன் என்ற யூதர் தன் செல்வம் முழுவதையும் போருக்குக் கடனாகக் கொடுத்தார் என்றும் படித்தேன். இவற்றைச் சொல்லலாமா?

மறைநிழல்:

துணிக்கொடிக் கதை குடும்பத்தில் வாய்வழியாக வந்தது. அக்கால ஆவணம் எதிலும் இல்லை. சொல்வதானால் கதை என்றே சொல்லுங்கள். சாலமன் பிலடெல்பியாவில் நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மாரிஸுக்காகப் பிரெஞ்சு உண்டியல்களை (பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டுகளை) விற்றுப் பணமாக்கிய தரகர். மாரிஸின் நாட்குறிப்பில் அவர் பெயர் அடிக்கடி வருகிறது. 1785இல் கடனோடு இறந்தார். பெருந்தொகையைச் சொந்தப் பையிலிருந்து கொடுத்தார் என்பது பின்னர் வளர்ந்தது. ஆனால் மதிப்பிழந்த நாட்டின் தாளை நம்பிக்கையோடு விற்றுத் தந்த தரகரின் திறமை சிறியதா என்ன? அதை அப்படியே சொன்னாலே போதும்.

உங்கள் மாணவர்கள் எண் கேட்டால் இதைக் கொடுங்கள். புரூக்ளின் கரையோரம் வாலபவுட் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பிரிட்டிஷ் சிறைக்கப்பல்களில், ஜெர்சி என்ற கப்பல் அவற்றுள் கொடியது, பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் 11,000க்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். எல்லாப் போர்க்களங்களிலும் சேர்த்து விழுந்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ 6,800. மன்னரின் கடற்படையில் சேர்ந்தால் வெளியே வரலாம் என்று கைதிகளிடம் சொல்லப்பட்டது. மிகப் பலர் சேரவில்லை. அவர்களுக்கான பெரிய நினைவுத்தூண் எழ 1908 ஆயிற்று.

கெடிலக்கரை:

கடலூரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரைச் சேர்க்காமல் இந்த இழையை முடிக்க விட மாட்டேன். 1778இல் பிரான்சு அமெரிக்காவோடு கைகோத்ததும் பிரிட்டனோடு அதற்கு மூண்ட போர் இந்தியாவுக்கும் வந்தது. ஹைதர் அலி 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையை அழித்த செய்தி அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய், பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரையே தாங்கியது. ஜோஷுவா பார்னி என்ற இளம் தலைவரின் கீழ் அந்த ‘ஹைதர் அலி’ 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் தன்னைவிடக் கூடுதல் பீரங்கிகள் கொண்ட ‘ஜெனரல் மங்க்’ கப்பலைப் பிடித்தது.

அதே மாதம் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைக் கைப்பற்றியிருந்தார்கள். 1783 ஜூனில் கம்பெனிப் படை முற்றுகையிட வந்தது. ஜூன் 13இல் நிலத்தில் பெருஞ்சண்டை. 20இல் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். 25இல் பிரெஞ்சுப் படை கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்து தாக்கியது. அமைதிக்கான முன் ஒப்பந்தம் ஐரோப்பாவில் ஜனவரி 20ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தியைச் சுமந்த கப்பல் ஜூன் முடியும் வேளையில்தான் இங்கே வந்து சேர்ந்தது. இடையில் விழுந்தவர்களுள் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள் நிறையப் பேர். அமெரிக்க விடுதலைக்காக மூண்ட பெரும்போரின் கடைசி மோதல்களில் தாங்கள் சாகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதிகாரிகளின் பெயர்கள் அறிக்கைகளில் இருக்கின்றன. சிப்பாய்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள்.

உங்கள் பேச்சு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள் ஐயா. பேருந்து ஒத்துவந்தால் வந்து உட்காருகிறேன்.

திண்ணை வாசகர்:

இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி. கடலூரில் தொடங்கி நூற்று முப்பத்தைந்து பவுண்டு ரொட்டிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஜேம்ஸுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியாயிற்று. தேயிலைக்கு இரண்டு நிமிடம்.